ஆள் உட்கார்ந்தால் அணையாத கம்ப்யூட்டர்

செலண்டார் என்ற சின்ன ஊரில் சுசீலா வீட்டு ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு நினைத்தால் அணைந்துபோகிற குணம். முன்கூட்டி ஒரு முனகல் கிடையாது, திரையில் ஓர் எச்சரிக்கை கிடையாது. பாடம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போது பட்டென்று இருண்டுவிடும். பிறகு தானாகவே விழித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி மெதுவாக முதலிலிருந்து ஆரம்பிக்கும். அந்த அமைதிதான் சுசீலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்தவன் தலையையாவது குனிய வேண்டாமா?

அணைந்தால் என்ன, மறுபடி வந்துவிடுகிறதே என்று விட்டுவிட முடியாது. அந்தக் கம்ப்யூட்டரில்தான் மகள் ஷாமினியின் வேலை ஓடியது. கோலாலம்பூரில் இருக்கும் ஒரு டியூஷன் கம்பெனிக்காக, வீட்டிலிருந்தபடியே ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மடிக்கணினியைத் தம்பி கோகுலராஜ் வடக்கே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோய்விட்டதால், அவளுக்கு மிஞ்சியது இந்தப் பழைய பெட்டி. பின்னத்தைப் பாதி விளக்கிக்கொண்டிருக்கும்போது ஆசிரியை காணாமல் போனால் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? ஒருவன் பாட்டுப் பாடினான், ஒருத்தி பூனையைக் கொண்டுவந்து காமிராவில் காட்டினாள், தாய்மார்கள் கம்பெனிக்குப் புகார் எழுதினார்கள். கம்பெனி மேற்பார்வையாளர் ஷாமினியிடம் மரியாதையாகவே பேசினார். வீட்டிலிருந்து சரிப்படவில்லையென்றால் பரவாயில்லை, கோலாலம்பூர் அலுவலகத்துக்கு வந்து அங்கே உட்கார்ந்து நடத்துங்கள், தங்குவதற்கு அறை பார்த்துத் தருகிறோம் என்றார். ஷாமினியும், சரி, அதையும் யோசிக்கிறேன் என்றாள்.

யோசிக்கிறேன் என்று மகள் சொன்ன அன்றைக்குச் சுசீலாவுக்குச் சோறு இறங்கவில்லை. மகன் ஏற்கெனவே வெளியூர். கணவர் காளிமுத்து செம்பனை எண்ணெய் டேங்கர் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வருவது சாப்பிடவும் குறட்டை விடவும்தான். மகளும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளோடு பேசுவதற்குக் கிரைண்டர்தான் மிச்சம். மகள் தன்னோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், பிள்ளை முன்னுக்கு வருவது பொறுக்கவில்லையா என்பார்கள். அதனால் தன் ஆத்திரம் முழுவதையும் கம்ப்யூட்டர் மேல் திருப்பினாள்.

கிரைண்டர் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். சுசீலா தோசை மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு, தாமான் குடியிருப்பில் இருக்கும் வீடுகளுக்கும் இரண்டொரு சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொடுத்துவந்தாள். வீட்டின் பின்பக்கம் நீட்டிக் கட்டிய அடுக்களையில் பெரிய கிரைண்டர் ஒன்று இருந்தது. ஆர்டர் வருவதைப் பொறுத்துக் காலையிலும் அரைப்பாள், மத்தியானமும் அரைப்பாள். ஓடவிடுவாள், நிறுத்துவாள், மாவை வழித்துத் தள்ளுவாள், மறுபடி ஓடவிடுவாள். அந்தச் சத்தம் அவள் காதுக்கு மூச்சு மாதிரி. ஓடுகிறதா நிற்கிறதா என்றுகூடக் கவனிக்கமாட்டாள். ஹாலிலிருந்து ஷாமினி "மா" என்று கத்தினால், கிரைண்டரை நிறுத்திவிட்டு, மாவு ஒட்டிய கையோடு ஓடிவந்து மகளின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். அதற்குள் கம்ப்யூட்டர் மறுபடி விழித்துக்கொண்டிருக்கும்.

முதலில் கண்ணூறு என்றுதான் நினைத்தாள். மகளுக்கு வீட்டிலேயே வேலை, வெயிலில் அலைச்சல் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது அவள்தான். ஆகவே மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டாள். மிளகாய் நெடியில் ஷாமினிக்கு இருமல் வந்ததே தவிர, கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்தது காளிமுத்துவின் முறை. லாரியில் ஏதாவது கோளாறென்றால் அவர் முதலில் தட்டிப்பார்ப்பார். கம்ப்யூட்டரின் விலாவிலும் இரண்டு தட்டுத் தட்டினார். அன்று முழுவதும் அது அணையவே இல்லை. ராத்திரி சாப்பாட்டில் அவர் பேசிய பேச்சு இருக்கிறதே, கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்ததே தான்தான் என்பதுபோல இருந்தது. அன்று சுசீலா மாவு அரைக்காமல் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள் என்பது யாருக்கும் நினைவில் இல்லை. மறுநாள் அது அணைந்தபோது அவர் லாரியில் பாசிர் கூடாங் போய்விட்டிருந்தார்.

கடைசியில் பிரையனைக் கூப்பிட்டார்கள். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சின்னதாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பையன்; கெட்டிக்காரன், பொறுமைசாலி. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதுமே சுசீலா கிரைண்டரை நிறுத்தினாள். இது அவள் வீட்டு முறை. ஹாலில் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கும்போது உள்ளே கடகடவென்று கிரைண்டரை ஓடவிடுவது, எப்போது கிளம்பப்போகிறாய் என்று கேட்பதற்குச் சமம். எஸ்டேட் வீட்டில் அவள் அப்படித்தான் வளர்ந்தாள். வந்தவர் தபால்காரராக இருந்தாலும் சரி, உட்கார்ந்துவிட்டால் கிரைண்டர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

பிரையன் முன்னால் கம்ப்யூட்டர் குணவதியாக நடந்துகொண்டது. அவன் பெட்டியைத் திறந்தான், தூசியை ஊதினான், ரேம் என்ற சின்னப் பலகையைக் கழற்றி அதன் ஓரத்தை அழிரப்பரால் தேய்த்து மாட்டினான். ஒரு கிளாஸ் சூடான தே குடித்தான், கறிபாப் பலகாரம் தின்றான், இனி வராது ஆன்ட்டி என்று சொல்லிப் போனான். அவன் மோட்டார் சைக்கிள் முனை திரும்பியதும் சுசீலா விட்ட வேலையைத் தொடரப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஹாலிலிருந்து "மா" என்று குரல் வந்தது. பிரையன் அடுத்த தடவை வந்தபோது சுவரில் இருந்த பிளக்கில் சோதனைக் கருவியைச் சொருகிப் பார்த்தான். கரண்டு ஒழுங்காக இருந்தது. அதற்கடுத்த தடவை பெட்டியையே கடைக்குத் தூக்கிப்போனான். அங்கே அது ராத்திரி பகல் பாராமல் ஓடியது. நோயாளியை டாக்டரிடம் கொண்டுபோனால் காய்ச்சல் ஓடிப்போகிற கதைதான்.

"ஆன்ட்டி, என் கடையில ஒன்னுமே இல்ல லா. நல்லா ஓடுது," என்றான் பிரையன், பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்து. "இந்த மாதிரி வந்து வந்து போற கோளாறு இருக்கே, இதைப் பிடிக்க ஒரே வழிதான். ஒன்னு ஒன்னா மாத்திப் பார்க்கணும். ஒரு நேரத்துல ஒரு சாமான்தான். எதை மாத்துனா நிக்குதோ, அதுதான் கோளாறு."

இதைச் சொன்ன பிரையன் சாமான்களைப் பற்றிச் சொன்னான். கேட்ட சுசீலா ஆட்களைப் பற்றி எடுத்துக்கொண்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு முந்தின வாரம்தான் அவளுக்கு ஒரு சந்தேகம் முளைத்திருந்தது.

பக்கத்து வீட்டு ஜெயமேரிதான் அந்தச் சந்தேகம். மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். வாய் ஓயாது, வயிறு நிறையாது, மனசு மட்டும் தங்கம். ஒரு நாள் மத்தியானம் வந்து உட்கார்ந்தவள், ஷாமினி வகுப்பு நடத்தி முடிக்கும்வரை எழுந்து போகவில்லை. அன்றைக்குக் கம்ப்யூட்டர் ஒரு முறைகூட அணையவில்லை. மறுநாள் வரவில்லை, இரண்டு தடவை அணைந்தது. அதற்கு மறுநாள் சுசீலாவே போய்க் கூப்பிட்டாள். ஜெயமேரி உட்கார்ந்தாள். வகுப்பு எண்ணெய் விட்ட மாதிரி ஓடியது. சுசீலாவுக்குப் புரிந்துவிட்டது. ரேமும் இல்லை, பவர் சப்ளையும் இல்லை. ஜெயமேரியின் ராசி.

ஷாமினிக்கு இதைக் கேட்டதும் கோபம் வந்தது. கணக்கு வாத்தியார் வீட்டில் இப்படி ஒரு கணக்கா என்றாள். ஆனால் வயிற்றுப்பாடு யாரை விட்டது? மூன்று வகுப்பு தொடர்ந்து அறுந்துபோகாமல் நடந்த பிறகு, ஒரு மத்தியானம் வகுப்பு தொடங்கும் நேரத்தில் அவளே ஜன்னல் வழியாகக் கேட்டை எட்டிப்பார்த்து, மேரி ஆன்ட்டி இன்னும் வரவில்லையா என்று கேட்டாள். கேட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள்.

ஜெயமேரிக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. கைப்பையில் இருக்கும் ஜெபமாலையின் சக்தி என்றாள் அவள். வலது காலை எடுத்துவைத்து வருகிறாள், அதனால்தான் என்றாள் சுசீலா. சக்தி எங்கிருந்து வந்தால் என்ன, ஜெயமேரியின் நடையே மாறிவிட்டது. முதல் வாரம் தே போதும் என்றாள். அடுத்த வாரம் தேயோடு ஏதாவது கடிக்க இருந்தால் நல்லது என்றாள். பிறகு நாற்காலி முதுகுக்கு ஒத்துவரவில்லை என்று வீட்டிலிருந்து ஒரு மெத்தையைக் கொண்டுவந்து போட்டாள். வகுப்பு நடக்கும்போது பேசக்கூடாது என்பதுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம். அதற்கு ஈடாகச் சுசீலா உள்ளும் வெளியுமாக நடந்து பலகாரம் பரிமாறினாள்.

மத்தியானம் முழுக்க ஹாலில் ஆள் இருந்தால் கிரைண்டரை எப்படிப் போடுவது? விடியுமுன் எழுந்து அரைத்தாலும் கட்டுப்படியாகவில்லை. மாவு தாமதமாகப் போயிற்று, சில நாள் போகவே இல்லை. கடைக்காரர் ஒருவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். போனால் போகட்டும் என்று சுசீலா விட்டுவிட்டாள். மகள் வீட்டில் இருக்கிறாள், அது போதும்.

இப்படி வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் அந்தத் தகவல் வந்தது. மேற்பார்வையாளர் ஒரு வகுப்பில் கூட இருந்து பார்க்கப்போகிறாராம். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஷாமினியை வீட்டில் வைத்து நிரந்தரமாக்குவதா, கோலாலம்பூருக்கு அழைப்பதா என்று முடிவு செய்வார்களாம். நாளையும் அவர்களே குறித்துவிட்டார்கள். அந்த நாள் பார்த்து ஜெயமேரியின் அண்ணன் மகளுக்குச் சுங்கை ரம்பாயில் நிச்சயதார்த்தம்.

ஜெயமேரி உண்மையிலேயே தவித்துப்போனாள். தான் இல்லாவிட்டாலும் நிச்சயதார்த்தம் நடக்கும், ஷாமினியின் வகுப்பு நடக்காது என்று அவளே நம்பத் தொடங்கியிருந்தாள். காரில் ஏறும் முன் வந்து, மெத்தையையாவது நாற்காலியில் விட்டுவிட்டுப் போகிறேன், எடுத்துவிடாதே என்று சொல்லிப் போனாள். மெத்தைக்கு ராசி உண்டா என்று சுசீலாவுக்குத் தெரியவில்லை. நம்பி இறங்க மனம் வரவில்லை. பக்கத்து வீடுகளில் கேட்டுப் பார்த்தாள். ஒருத்திக்குக் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும் தவணை, இன்னொருத்தி தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வகுப்புக்குக் கொஞ்ச நேரமே இருந்தபோது, கேட்டுக்கு வெளியே "அக்கா" என்று குரல் கேட்டது. எட்டிப்பார்த்த சுசீலா ஓர் அடி பின்வாங்கினாள். நின்றவள் மலர்விழி.

மலர்விழியைப் பற்றித் தாமானில் ஒரு பேச்சு உண்டு. அவள் முதலில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள், மூடிவிட்டார்கள். பாட்டு, படம் எல்லாம் வட்டு வட்டாக விற்ற கடையில் சேர்ந்தாள், அதையும் மூடினார்கள். அப்புறம் ஒரு புடவைக் கடை. அதுவும் போயிற்று. படம் பிடிக்கவும் பாட்டுக் கேட்கவும் புடவை வாங்கவும் ஆளாளுக்குக் கையில் போன் வந்துவிட்ட காலம் இது. கடைகள் போன் கையால் செத்தன, பழி மலர்விழி தலையில் விழுந்தது. அவளை வேலைக்கு வைக்கிறவர் கையோடு கடைப் பெயர்ப்பலகையைக் கழற்றவும் ஆள் சொல்லிவைக்க வேண்டும் என்று ஒரு நகைச்சுவை ஓடியது. அதைக் கேட்டுச் சிரித்தவர்களில் சுசீலாவும் ஒருத்தி. ஒரு முறை அவளே அதைச் சொல்லியும் இருக்கிறாள்.

மலர்விழி மாவு கேட்டு வந்திருந்தாள். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் தோசைக் கடை போட இடம் கிடைத்திருக்கிறதாம், இன்றைக்குத்தான் முதல் நாளாம், சாயங்காலத்துக்குள் நிறைய மாவு வேண்டுமாம், கலந்துகொள்ளப் புளித்த மாவு கொஞ்சம் அவளிடமே இருக்கிறதாம். சுசீலாவிடம் ஊறவைத்த அரிசி இருந்தது, மாவு இல்லை. இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம். அல்லது கேட்டிலேயே நிற்கவைத்துப் பேசி முடிக்கலாம். இரண்டும் அவளால் முடியவில்லை. வெயிலில் ஒருத்தியை வெளியே நிறுத்தினால் அவள் வளர்ந்த வளர்ப்பு என்னாவது? அதுவுமில்லாமல் ஹாலில் யாராவது ஓர் ஆள் வேண்டும். வெறும் நாற்காலியைவிட மலர்விழி மேலா, மலர்விழியைவிட வெறும் நாற்காலி மேலா என்று ஒரு கணம் யோசித்தாள். அப்புறம் முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு, உள்ளே வா என்றாள். ஜெயமேரியின் மெத்தையில்தான் உட்காரவைத்தாள், ஒன்றுக்கு ஒன்று சரிக்கட்டட்டும் என்று.

வகுப்பு தொடங்கியது. மேற்பார்வையாளர் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டத்தில் வந்து உட்கார்ந்தார். ஷாமினி ரொட்டிச் சானாயைக் கால் பங்கு, அரைப் பங்கு என்று பிய்த்துப் பின்னம் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் கூச்சல் போட்டுப் பதில் சொன்னார்கள். கம்ப்யூட்டர் அணையாமல் நின்றது. சுசீலா கதவோரம் நின்று, திரையைப் பார்ப்பதும் மலர்விழியைப் பார்ப்பதுமாக இருந்தாள். மலர்விழி நாற்காலியின் நுனியில், யார் மேலும் பட்டுவிடக்கூடாது என்பதுபோலக் காலை உள்ளிழுத்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துவந்து தணிந்த குரலில், சாயங்காலம் நெருங்குகிறதே, அரைக்கவில்லையா என்று கேட்டாள். நீ ஹாலில் இருக்கும்போது எப்படி என்று சுசீலா இழுத்தாள்.

"நான் என்ன விருந்தாளியா, அக்கா?" என்றாள் மலர்விழி. "வீட்டு ஆளுன்னு நினைச்சிக்கிட்டுப் போய் அரைங்க. எனக்கு அந்தச் சத்தம் கேட்டாத்தான் நிம்மதி."

அந்தப் பேச்சு சுசீலாவுக்குப் பிடித்திருந்தது. இவளைப் போயா அப்படிச் சொன்னோம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. சந்தோஷமாகவே அடுக்களைக்குப் போனாள். அடுக்களைக் கதவைச் சாத்தினாள், அரிசியைக் கிரைண்டர் நிறையப் போட்டாள், தண்ணீர் விட்டாள், சுவிட்சைப் போட்டாள். கல் ஒரு முக்கு முக்கிச் சுற்றத் தொடங்கியது. ஹாலிலிருந்து "மா" என்று ஷாமினி கத்தினாள்.

சுசீலா கிரைண்டரை அணைத்துவிட்டு, மாவுக் கையோடு ஓடிவந்தாள். திரை கறுப்பாக இருந்தது. ஷாமினி போனை எடுத்து அதில் வகுப்பைப் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தாள். சுசீலா மகளைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு மலர்விழியைப் பார்த்தாள். பார்த்தது மட்டும்தான். ஆனால் அந்த மாதிரிப் பார்வையை மலர்விழி நிறையப் பார்த்தவள். அவள் எழுந்தாள், கைப்பையை எடுத்தாள்.

"நான் கிளம்புறேன், அக்கா. நான் உள்ள வந்திருக்கக் கூடாது," என்று சொல்லி, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

போகட்டும் என்றுதான் சுசீலா நினைத்தாள். அதை மறைக்க முடியாது. போனாளே, இனிமேலாவது விளங்கட்டும் என்று நினைத்தாள். கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டது. ஷாமினி போனிலிருந்து மறுபடி அதற்கு மாறினாள், மேற்பார்வையாளரிடம் மன்னிப்புக் கேட்டாள், பின்னத்தை விட்ட இடத்தில் எடுத்தாள். எல்லாம் சரியாகிவிட்டது. சுசீலா அடுக்களைக்குத் திரும்பினாள். அரைகுறையாக நிற்கும் அரிசியை அப்படியே விட்டால் பாழாகிவிடும்; தரித்திரம் போய்விட்ட பிறகு தடை என்ன? சுவிட்சைப் போட்டாள். கல் முக்கியது. ஹாலிலிருந்து "மா" என்று குரல் வந்தது.

இந்த முறை அவள் ஓடவில்லை. கை சுவிட்சின் மேலேயே இருந்தது. ஹாலில் விருந்தாளி இல்லை, ஜெயமேரி இல்லை, மலர்விழி இல்லை. பழி போட ஆள் யாருமில்லாத வீட்டில் கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்று பிரையன் சொன்னானே. மாறியது எது? ஆள் வந்தபோதெல்லாம் வந்தது ஆள் மட்டும் இல்லை, கிரைண்டரும் நின்றது. பிரையன் வந்தபோது நின்றது. ஜெயமேரி உட்கார்ந்தபோது நின்றது. புருஷன் தட்டிய அன்று அது ஓடவே இல்லை. மகளை வீட்டை விட்டுத் துரத்திக்கொண்டிருந்தது தன்னுடைய கைதான் என்று சுசீலாவுக்குத் தெரிந்தது. அதைவிட மோசமான ஒன்றும் உடனே தெரிந்தது. சற்று முன்னால் தான் ஒருத்தியைப் பார்த்த பார்வை.

கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஹாலுக்கு வந்தாள். ஷாமினியின் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது.

"இனிமே அணையாது," என்றாள் சுசீலா. "நீ நடத்து."

"உனக்கெப்படிம்மா தெரியும்?"

"தெரியும்லா. நடத்து," என்று சொல்லிவிட்டு, மாவுக் கையைக்கூடக் கழுவாமல் ரோட்டில் இறங்கினாள்.

மலர்விழி ரோட்டின் முனையில் இருந்த பஸ் நிழற்குடையில் உட்கார்ந்திருந்தாள். வேறு எங்கே மாவு வாங்கலாம் என்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தவள், சுசீலாவைப் பார்த்ததும் போனை வைத்தாள். வெயிலில் வெறுங்காலோடு ஓடிவந்ததில் சுசீலாவுக்கு மூச்சு வாங்கியது. கிரைண்டர், கரண்டு, சுவிட்சு என்று தலையும் வாலும் இல்லாமல் சொன்னாள். மலர்விழி தலையாட்டிக் கேட்டாள், ஆனால் நம்பியவள் மாதிரி தெரியவில்லை. தன்னைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டாள்.

"பரவால்லக்கா," என்றாள். "எனக்குப் பழக்கம்தான்."

அந்தச் சொல் சுசீலாவைச் சுட்டது. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. ஊர் சிரித்தபோது தானும் சேர்ந்து சிரித்தது, தானே அந்த நகைச்சுவையைச் சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தன. நான் உன்னைப் பார்த்த பார்வை தப்பு, அந்தத் தப்பை நீ பழக்கம் என்று சொல்லாதே என்றாள். மலர்விழி தரையைப் பார்த்தாள். சுசீலா அதற்கு மேல் கெஞ்சவில்லை. மாவுக் கையாலேயே அவள் மணிக்கட்டைப் பிடித்து, வீட்டை நோக்கி இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு முடிந்திருந்தது. பிள்ளைகளின் கட்டங்கள் மறைந்து, மேற்பார்வையாளரின் கட்டம் மட்டும் திரையில் பெரிதாக நின்றது. அவர் பேசுவதைச் சுசீலா கதவோரத்தில் நின்று மூச்சுவிடாமல் கேட்டாள். இரண்டு தடவை அணைந்தும் ஒரு பிள்ளைகூட வகுப்பை விட்டுப் போகவில்லை, அதை நான் பார்த்தேன் என்றார். வீட்டுக் கரண்டைச் சரிபார்த்துவிட்டுத் தகவல் சொல்லுங்கள், வீட்டிலிருந்தே தொடருங்கள், கடிதம் வரும் என்றார். வீட்டிலிருந்தே என்ற வார்த்தையைக் கேட்டதும் சுசீலா அழுதுவிட்டாள். மூக்கைத் துடைத்ததில் மூக்கிலும் மாவு ஒட்டியது.

ஷாமினி அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். பிறகு, கிரைண்டர்தான் காரணம் என்று அம்மா சொன்னதும், நான் கணக்கு வாத்தியார் இல்லையா, நிரூபித்துக் காட்டு என்றாள். சுசீலா பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி அது விழித்ததும் பிரையனுக்குப் போன் போனது. அவன் கேட்டுவிட்டு, நான் வந்தப்ப நீங்க கிரைண்டரே போடலையே ஆன்ட்டி என்றான். பெட்டியின் பவர் சப்ளை பழசாகித் தளர்ந்துபோயிருக்கும், கிரைண்டர் கல் கிளம்பும்போது ஹாலுக்குப் போகிற கரண்டு ஒரு கணம் குறையும், அதை இதனால் தாங்க முடியவில்லை என்று விளக்கினான். அரிசி நிறைந்திருந்தால் கல் முக்கி இழுக்கும்போது அணையும், குறைவாக இருந்தால் தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் இத்தனை நாள் பிடிபடவில்லை. நாளைக்கே புதுசு மாட்டிவிடுகிறேன், கிரைண்டருக்குத் தனி லைன் இழுக்க ஆள் அனுப்புகிறேன், அதுவரைக்கும் ஒன்று ஓடினால் மற்றது ஓடக்கூடாது என்றான்.

இதையெல்லாம் மலர்விழி ஹாலின் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இன்னொரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். சுசீலா போட்டாள். அணைந்தது. மலர்விழி அடுக்களைக்கு வந்து, கிரைண்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, இப்போது போடுங்கள் என்றாள். அப்போதும் அணைந்தது. இப்படியே போட்டு அணைத்தால் பெட்டி போய்விடும் என்று ஷாமினி பதறினாள். மலர்விழியின் முகத்தைப் பார்த்ததும் பதறுவதை விட்டுவிட்டு, அது விழிக்கும்போதெல்லாம் குரல் கொடுத்தாள்.

"அக்கா, கடைசியா ஒரே ஒரு தடவை," என்றாள் மலர்விழி. "நான் வெளிய போய் நிக்கிறேன். நான் இல்லாம அணையுதான்னு எனக்குத் தெரியணும்."

கேட்டைத் திறந்து போனாள். கேட்டுக்கு அருகில் நிற்கவில்லை. ரோட்டைத் தாண்டி, எதிர் வீட்டு வேலியையும் தாண்டி, விளக்குக் கம்பம்வரை போய் நின்று கையை உயர்த்தினாள். ஷாமினி ஜன்னலிலிருந்து அடுக்களைக்குக் குரல் கொடுத்தாள். சுசீலா சுவிட்சைப் போட்டாள். கல் முக்கிச் சுற்றியது.

"அணைஞ்சிருச்சு அக்கா," என்று ஷாமினி ஜன்னல் வழியாக மலர்விழியைப் பார்த்துக் கத்தினாள்.

கம்பத்தடியில் மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சுசீலாவுக்கு முதலில் தெரியவில்லை. அடுக்களையிலிருந்து வாசலுக்கு வந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ரோட்டில் போன மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். அதை அவள் கவனிக்கவேயில்லை. ஒற்றை விரலை உயர்த்திக் காட்டி, இன்னும் ஒன்று என்று சைகை செய்தாள்.

சுசீலா உள்ளே போய், மறுபடியும் போட்டாள்.